மழை விட்ட வகுப்பு

பலாங்கொடை
4 செப்டெம்பர் 2023

அனிற்றாவுக்கு,

மார்ச்சிலிருந்து உங்கள் போனுக்கு நான் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றைச் சாம்பல் குறிதான் நிற்கிறது. இரண்டாவது குறி விழவேயில்லை. நெட்வேர்க் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். "இல்லப்பா, அந்த ஆன்ட்டி ஒங்களத் தடுத்து வச்சிருக்காங்க" என்று என் மகள் விளக்கம் தந்த பிறகு முத்திரை வாங்கப் போனேன். தபால் கந்தோர்ப் பெண் "ரெஜிஸ்டர் போஸ்டா சேர்?" என்றாள். சும்மா கடிதம் என்றேன். யாரோ செத்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். காலமான பழைய மாணவர்களையும் விரிவுரையாளர்களையும் பற்றி நம் கெம்பஸ் சங்கம் வருடாவருடம் ஒரு நினைவேடு போடுவதும், நவம்பரில் கூட்டம் வைத்து அதை வாசிப்பதும் உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவன் நான். மற்ற எல்லாப் பதவிக்கும் அடிபிடி நடந்தது. இதற்கு மட்டும் ஒருவரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை; கொட்டாவி விட்டேன், கை தானாக மேலே போய்விட்டது.

அன்றிலிருந்து பஜாரில் நம் ஆட்கள் என்னைக் கண்டால் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போகிறார்கள். இருமல் இருப்பவர்கள் இருமலை அடக்கிக்கொள்கிறார்கள். போன வாரம் நம்மோடு ஒரே பெட்ச்சில் படித்த ஆஸிக்கின் கடையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவன்தான் சங்கப் பொருளாளர். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். "எழும்பிப் போடா ரெஜினோல்ட். நீ மௌத்தானவங்கட ஆளு. ஒன்னக் கண்டா கஸ்டமர் உள்ளுக்கு வாராங்க இல்ல" என்றான்.

இந்த வருடம் முதல் பக்கம் ரொபர்ட் சேருக்கு. எங்களுக்கு சேர், உங்களுக்குக் கணவர். எழுதியதைக் கீழே தருகிறேன்:

'தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, கொழுந்து வாசத்தோடு வளர்ந்து, புவியியல் விரிவுரையாளராக உயர்ந்தவர் அமரர் ரொபர்ட். காலையில் மழை பெய்தால் அவருடைய வகுப்பு இல்லை. இதனால் மாணவர்கள் அவரை அன்போடு மழை சேர் என்று அழைத்தார்கள். இப்போது அவர் நிரந்தர மழை விடுமுறையில் இருக்கிறார்.'

கடைசி வரி நன்றாக விழுந்திருப்பதாக எனக்கு அபிப்பிராயம். 'மழை சேர்' என்று பெயர் வைத்தவன் நான்தான் என்பதை அடக்கம் கருதி விட்டுவிட்டேன்.

சரியென்றால் ஒரு வரி எழுதுங்கள். மாத முடிவில் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

ரெஜினோல்ட்
(இன்றுவரை உயிரோடு)


ருவான்வெல்லை
13 செப்டெம்பர் 2023

ரெஜினோல்ட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை கடிதமாக எழுதினீர்கள். போனில் என்றால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால் சிவப்புப் பேனா போடலாம். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு அதுதான் வசதி.

உங்கள் பந்தியைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'அன்போடு' வெட்டு, அன்பு இருந்தால் அதைச் சொல்லத் தேவையில்லை. 'உயர்ந்தவர்' வெட்டு, லயம் பள்ளத்தில் கிடந்ததென்று அர்த்தமாகிறது. 'தேயிலை' பிழை. அவர் பிறந்தது இந்த ருவான்வெல்லையில். இங்கே எங்கே தேயிலை இருக்கிறது? அவருடைய அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. எங்கள் கல்யாணத்துக்கு வந்து, ரப்பர் மரத்தடியில் அட்டைக்கடி பட்டு, புது வேட்டியில் இரத்தத்தோடு போட்டோவில் நிற்கிறவர் நீங்கள்.

மழையைப் பற்றிய வரிகள் ஒன்றுமே வேண்டாம். செத்த வீட்டிலேயே அதைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னீர்கள், பழைய மாணவர்கள் சிரித்தார்கள். குசினிக் கதவடியில் என் மகள் ரோஷானி தேத்தண்ணித் தட்டோடு நின்றதை நீங்கள் காணவில்லை. எல்லோரும் போன பிறகு வந்து, "அம்மா, அப்பா சோம்பேறியா இருந்தாங்களா?" என்று கேட்டாள். உங்களை போனில் தடுத்தது அப்போதுதான்.

அவள் இப்போது அதே கெம்பஸில் முதல் வருடம். உங்கள் புண்ணியத்தில் சீனியர்மார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மழை' என்கிறார்கள். நவம்பர்க் கூட்டத்தில் தேத்தண்ணி கொடுப்பது முதல் வருடப் பிள்ளைகள். அவள் மறுபடி தட்டோடு நிற்பாள், நீங்கள் மைக்கில் இதை வாசிப்பீர்கள்.

இப்படித்தான் போடுவதென்றால் அவரைப் போடவே வேண்டாம்.

அனிற்றா


பலாங்கொடை
20 செப்டெம்பர் 2023

அனிற்றாவுக்கு,

சிவப்புப் பேனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் இது தேவையா.

'தேயிலை' எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் சரியாகத்தான் எழுதினேன். பாடப்புத்தகத்தில் உள்ளபடி முன்னால் ஓர் 'இ' போட்டு, 'இறப்பர் தோட்டத்தில் பிறந்து' என்று. எழுதிவிட்டு உரக்க வாசித்தேன். பிறந்து, இறப்பர். செத்தவர்களின் புத்தகத்துக்கு முதல் வரியே இப்படியென்றால் கூட்டத்தில் எவன் சிரிக்காமல் இருப்பான்? 'இ'யை விட்டுவிட்டு வெறும் ரப்பர் என்று எழுதலாமென்றால், பின்வரிசையில் உங்களைப்போல் தமிழ் டீச்சர்மார் இருப்பார்கள். இலக்கணத்துக்காகச் சங்கத்தையே கலைத்துவிடுவார்கள். ஆகவே தேயிலை. மலையகத்து ஆள் எவனுக்கும் பொருந்துகிற சட்டை அது, கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தாலும்.

சரி, அதை எடுத்துவிடுகிறேன். மழையை மட்டும் விட்டுவைக்கப் பாருங்கள். இந்த வேலையில் நான் கண்ட ஒரே உண்மை இதுதான்: சிரிக்க ஒன்றையும் விட்டுப்போகாத மனிதரை அடுத்த வருடமே ஒருவரும் விசாரிப்பதில்லை. 'சிறந்த கல்விமான்' என்று எழுதப்பட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் என்னிடம் இருக்கிறார்கள். எவர் எவரென்று எனக்கே தெரியாது. 'மழை சேர்' என்றால் லண்டனில் டெக்சி ஓட்டுகிறவனும் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறான்.

இன்னொன்று. நானும் தோட்டத்து ஆள்தான். எங்கள் அம்மா கொட்டுகிற மழையில் இடுப்பில் படங்குத் துணி கட்டி, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தவர். காலையில் வேலை பிரிக்கிற பேரட்டுக்களத்தில் "மழைங்க ஐயா" என்று யாராவது இழுத்தால், கணக்கப்பிள்ளை "ஏன், ஒனக்குக் கொடை புடிக்க ஆள் போடணுமா? மலைக்கு ஏறு" என்பார். அப்படி வளர்ந்தவன் கண்ணுக்கு, மழைக்கு லீவு எடுக்கிற ஒரு மனுஷன் அதிசயம் இல்லையா? அந்த அதிசயத்தைத்தானே எழுதினேன்.

ரெஜினோல்ட்


ருவான்வெல்லை
29 செப்டெம்பர் 2023

ரெஜினோல்ட்டுக்கு,

என் வேலையை நீங்களே பாதி செய்துவிட்டீர்கள். உங்கள் கடைசிப் பந்தியை நீங்களே இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள்.

தேயிலையில் மழைக்கு வேலை நிற்காது. ஆகவே மழைக்கு லீவு எடுக்கிற தேயிலைக்காரன் சோம்பேறி. ரப்பரில் அப்படி இல்லை. மரம் நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் பட்டை முழுக்க வழிந்து கீழே போய்விடும். சிரட்டையில் விழுவது மழைத்தண்ணீர். மழை விடியலில் ரப்பர்க்காரன் கத்தியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் அவன் வேலை தெரிந்தவன். நீங்கள் மாற்றியது ஒரு சொல்லை மட்டுமல்ல. அந்த ஒரு சொல்லால் அதற்குப் பிறகு வருகிற மூன்று வரியும் பழியாகிவிட்டது.

விரிவுரைக்கும் மரப்பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் காலத்து விரிவுரை ஹோலுக்குத் தகரக்கூரை. மழை அடித்தால் முன்வரிசைக்கே ஒன்றும் கேட்காது. மற்ற விரிவுரையாளர்கள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, முடிந்தது என்று போய்விடுவார்கள். அவர் கத்தமாட்டார். "மழையில வெட்டுனா பால் மண்ணுக்குத்தான் போகும்" என்பார். அவருடைய அப்பாவின் பேச்சு அது. ஆனால் அந்த அப்பா மழைக்கு லீவு எடுத்தவர் அல்ல. மழை விட்டு, பட்டை காய்ந்ததும் கத்தியோடு போய்விடுவார். இவரும் போனார். பகல் இரண்டு மணிக்கு, அதே ஹோலில், அதே பாடம். காலையிலேயே அறிவித்தல் பலகையில் எழுதிவிடுவார். நீங்கள் பலகை பார்க்கிற ஆள் இல்லை. 'மழை, வகுப்பு இல்லை' என்று கேள்விப்பட்டதும் கெரம் மேசைக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டு மணிக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். நான் வந்தேன். அவரை எனக்குத் தெரிந்தது அந்த வகுப்பில்தான். எங்கள் கல்யாணத்தைப் பற்றி பெட்ச் முழுக்கப் பேசிய மற்றக் கதைகள் உங்கள் கெரம் மேசையில் பிறந்தவை. ஆஸிக்கைக் கேட்டுப் பாருங்கள். அவரும் வந்தவர்.

'இறப்பர்' என்று எழுதப் பயந்தீர்கள். அவர் முதல் வருட வகுப்பில் சொன்னது இது: "நான் இறப்பர் தோட்டத்து ஆளுங்க. எழுத்துப்படி பாத்தா எங்க லயத்துல ஒருத்தரும் பொழச்சிருக்கக் கூடாது. ஆனா பாருங்க, கடன் கேக்க எல்லாரும் வாராங்க." கூட்டம் அதற்குச் சிரித்தால் சிரிக்கட்டும். அது அவருடைய சிரிப்பு. மற்றது உங்களுடையது.

அனிற்றா


பலாங்கொடை
8 ஒக்டோபர் 2023

அனிற்றாவுக்கு,

ஆஸிக்கின் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"மழை விட்ட கிளாஸுக்கு நீ போனியாடா?"

"போனேன்தானே. எல்லாத்துக்கும் போனேன்."

"அப்ப ஏன்டா எனக்குச் சொல்லல?"

"நீ சிவப்புக் காய்க்குக் குறி பாத்துக்கிட்டு இருப்ப. அந்த நேரம் கூப்பிட்டா அடிக்க வருவ."

"முப்பது வருஷமா நான் மழை சேர் கத சொல்றப்ப நீயும் சேர்ந்துதானே சிரிச்ச?"

"நீ சொல்ற விதத்துல சிரிப்பு வருதே, அதுக்கு நான் என்ன செய்ய?" என்றவன் தராசைப் பார்த்துக்கொண்டே, "மண்சரிவப் பத்தி சேர் சொன்ன பாடம் எனக்கு இன்னமும் பாடம். இந்தக் கடைய நான் ஏன் மேட்டுப் பக்கம் எடுத்தேன்னு நெனச்ச? பள்ளத்துல வாடகை கொறவு" என்றான்.

ஆணி வாங்காமல் வந்துவிட்டேன்.

இனிக் கெட்ட செய்தி. என்னைத் திட்டுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்குப் பார்க்க நான் செப்டெம்பர் தொடக்கத்தில் ஆஸிக்கிடம் கொடுத்த முதல் பிரதியை அவன் நல்ல பிள்ளையாக அச்சகத்தில் சேர்ப்பித்திருக்கிறான். புத்தகம் அடித்து, தைத்து, கட்டுக் கட்டாக வந்து கடையில் பெயின்ட் வாளிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேயிலை இருக்கிறது. கொழுந்து வாசம் இருக்கிறது. நிரந்தர விடுமுறையும், நான் மெச்சிக்கொண்ட அதே எழுத்தில், இருக்கிறது.

அச்சகத்துக்கு ஓடினேன். முதலாளி ஆறுதல் சொன்னார்: "சேர், மேவா கவுருவத் கியவன்னே நே." இதை ஒருவரும் வாசிப்பதில்லையாம். பத்து வருடமாக எழுதுகிறவனிடம் இதைச் சொல்கிறார். சங்கத் தலைவரிடம் மறுபடி அடிக்கலாமா என்று கேட்டேன். "ஒரு சொல்லுக்காகவா? தேயிலையா இருந்தா என்ன, ரப்பரா இருந்தா என்ன, தோட்டம்தானே" என்றார். மூன்று வாரத்துக்கு முன் நான் சொன்னதையே இன்னொருவர் வாயிலிருந்து கேட்க அவ்வளவு நன்றாக இல்லை.

மேடையில் சரியாக வாசித்துவிடுகிறேன். புத்தகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரெஜினோல்ட்


ருவான்வெல்லை
17 ஒக்டோபர் 2023

ரெஜினோல்ட்டுக்கு,

வாசிப்பு காற்றோடு போகும். புத்தகம் வீடு வீடாகப் போகும்.

நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். ரோஷானி வருவாள், வராமலிருக்க முதல் வருடத்துக்கு அனுமதி இல்லை. இரண்டு மணி வகுப்பைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். அம்மா சொன்னால் அம்மா அப்படித்தானே சொல்வார் என்பாள். பெயர் வைத்தவர் வாயிலிருந்து வந்தால்தான் அது செல்லும்.

செய்வதும் விடுவதும் உங்கள் பாடு.

அனிற்றா


பலாங்கொடை
20 நவம்பர் 2023

அனிற்றாவுக்கு,

கூட்டம் சனிக்கிழமை நடந்தது. நடந்தது என்று சொல்லலாம்.

ஒன்பது மணிக்கு ஆரம்பம் என்று அழைப்பிதழ். ஹோல் நம் பழைய தகரக்கூரை ஹோல்தான். புது மண்டபத்தை வேறு யாரோ கலை விழாவுக்கு எடுத்துவிட்டார்கள். எட்டரைக்கு மழை பிடித்தது. கூட்டம் இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. எப்படித் தள்ளிப்போனது என்பதில் சுவாரஸ்யம் ஒன்றுமில்லை. பாதிப் பேர் சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கொடகவெலயிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்ட் அதிபர், "செத்தவங்க காத்திருப்பாங்க, எனக்குப் பிரஷர் மாத்திரை காத்திருக்காது" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பக்கத்தை மனதில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சும்மா இருக்க முடியாமல் ஆஸிக்கும் நானும் புத்தகக் கட்டுகளைப் பிரித்து ஒரு வேலை பார்த்தோம். முதல் வருடப் பிள்ளைகள் சிலரும் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்கள். கரும்பலகைச் சோக்கட்டி தவிர வேறெதையும் அதிகம் பிடிக்காத என் கை இன்றைக்கும் வலிக்கிறது. உங்கள் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். சீனி போதாது. சொல்லவில்லை. என்னை நேராகப் பார்க்காமல் கோப்பையை மட்டும் பார்த்துக் கொடுத்தாள். அப்படிப் பார்ப்பது யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மழை விட்டது. வாசித்தேன். சிரித்தார்கள். ஆனால் அது காலையில்; எந்த இடத்தில் என்று நீங்கள் கேட்டால்தான் சொல்வேன்.

தலைவர் அடுத்த வருடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கப்போகிறாராம். பஜாரில் இனியாவது மனிதர்கள் என் பக்கம் நடக்கட்டும்.

புத்தகம் ஒன்று ரோஷானியிடம் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது கொண்டுவருவாள்.

ரெஜினோல்ட்


ருவான்வெல்லை
4 டிசெம்பர் 2023

ரெஜினோல்ட்டுக்கு,

ரோஷானி சனிக்கிழமை வந்தாள். நீங்கள் எழுதாமல் விட்டதை அவள் சொன்னாள்.

தலைவர் மழையோடு மழையாக மைக்கில் கத்தத் தொடங்கியபோது நீங்கள் மேடைக்கு ஏறி வயரைப் பிடுங்கினீர்களாம். பிறகு மைக் இல்லாமல், தொண்டை கிழிய, "இன்னைக்கு மொதப் பேரு இறப்பர் தோட்டத்து ஆளுங்க. மழையில வெட்டுனா பால் மண்ணுக்குப் போகும். பட்டை காயட்டும், ரெண்டு மணிக்கு வெட்டுவோம்" என்றீர்களாம். பின்னாலிருந்து யாரோ, "மழை லீவா சேர்?" என்று கேட்டிருக்கிறார்கள். "லீவு இல்லங்க. ரொபர்ட் சேருக்கு ஒருநாளும் மழை லீவு இருந்ததில்ல. ரெண்டு மணிக்கு கிளாஸ் இருந்திச்சி. ஆஸிக் போனான், நான் போகல. போகாதவன் சொன்ன கதையத்தான் நீங்க எல்லாரும் இத்தன வருஷம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்று நீங்கள் சொன்னபோதுதான் ஹோல் சிரித்ததாம். உங்களைப் பார்த்து.

எந்த இடத்தில் என்று நான் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

அவள் என்னோடு கோபம். இரண்டு மணி வகுப்பைப் பற்றி ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டாள். "நீங்க எங்க உக்காருவீங்க? அப்பா ஒங்களப் பாத்தா பாடம் எடுப்பாங்க?" என்று இரண்டு நாளாக ஒரே விசாரணை. சிலவற்றுக்குப் பதில் சொன்னேன்.

சீனியர்மார் இன்னும் 'மழை' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். போன வாரம் கன்டீனில் ஒருவன், "என்ன மழை, கிளாஸுக்கு வரலையா?" என்றிருக்கிறான். "விட்டா வருவேன்" என்றாளாம்.

உங்களை போனில் திறந்துவிட்டேன். இருந்தாலும் கடிதமே எழுதுங்கள். உங்கள் குரலில் பிழை திருத்த வழியில்லை.

புத்தகத்தைப் பார்த்தேன். 'தேயிலை' வெட்டப்பட்டு மேலே 'இறப்பர்' என்று இருக்கிறது. கொழுந்து வாசம் போய்விட்டது. நிரந்தர விடுமுறை முழு வரியும் அடிக்கப்பட்டிருக்கிறது. 'காலையில் மழை பெய்தால் அவருடைய வகுப்பு இல்லை' என்பதற்குப் பக்கத்தில் நீல மையில் மூன்று சொல்: 'மழை விடால் உண்டு.' கையெழுத்து உங்களுடையது அல்ல. ஆஸிக்குடையதும் அல்ல. என் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் திருத்திய கையெழுத்து.

'விட்டால்' என்பதில் ஒரு ட் விடுபட்டிருக்கிறது. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். திருத்தாமல் மூடி வைத்துவிட்டேன்.

அனிற்றா